கண்ணாடிப் பெட்டிக்குள் நல்லான்

செத்துப்போன ஆடு மூத்திரம் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஆடு கறிக்கடையில் கொக்கியில் தொங்கியது. அதன் சிறுநீரகம் மட்டும் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் கன்னையன். வீரபாண்டியில் இருபது வருடமாகச் சாயமாஸ்டர். முதலாளியின் தம்பி கந்தப்பன் சிறுநீரக டாக்டர். வெளியே எடுத்த சிறுநீரகத்தை ஐஸில் வைக்காமல், உடம்புச் சூட்டிலேயே ரத்தம் ஓட்டி உயிரோடு வைத்திருக்க முடியுமா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சூடு மாறாமல், அழுத்தம் ஏறாமல் தண்ணீரைச் சுற்றவிடுவதுதானே சாயப்பட்டறைக்காரன் பிழைப்பு? தொண்ணூற்றாறில் முதலாளி என்னை அவரிடம் அனுப்பி வைத்தார்.

டாக்டர் முதல் நாளே சொன்னார். "ஐஸ்ல இருந்தா அது தூங்குமுங்க மாஸ்டர். பசிக்காது. சூட்டுல முழிச்சுக்கும். முழிச்சிருந்தா நிமிஷத்துக்கு நிமிஷம் ஆக்சிஜன் வேணும்."

நான் பெரிய படிப்பாளி மாதிரித் தலையாட்டினேன். ஜாடியில் தேதி முடிந்த ரத்தம். அடியிலிருந்து சிலிண்டர் காற்று, அதாவது ஆக்சிஜன், குமிழ் குமிழாக ஏறும். அந்த ரத்தத்தை என் பம்ப் சிறுநீரகத்துக்குள் தள்ளும். மூன்று மாதம் ஆட்டுச் சிறுநீரகங்களோடு போயிற்று.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் மனுஷச் சிறுநீரகம் வந்தது. மண்ணரை ரோட்டில் லாரி மோதி மூளை செத்துப்போன நல்லான் என்ற பையனுடையது. ரத்தக்குழாய் கிழிந்திருந்ததால் யாருக்கும் பொருத்த முடியாது, ஆராய்ச்சிக்குத் தருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் அம்மா மருதாள் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

டாக்டர் கிழிசலைத் தைத்துக் குழாயை மாட்டினார். சாம்பல் நிறத்தில் கிடந்த சிறுநீரகம் ரத்தம் போகப்போக ரோஜா நிறத்துக்கு வந்தது. பத்து நிமிடத்தில் குழாயின் முனையில் முதல் சொட்டு மூத்திரம் விழுந்தது. மருதாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவங்கப்பன் லோடு ஏத்திட்டு அகமதாபாத் போயிருந்தாருங்க. திரும்பி வர்ற வழியில தகவல் சொல்லியாச்சு, நாலு மணிக்கு வந்துருவாரு," என்றாள் டாக்டரிடம். "அதுவரைக்கும் இது இருக்குமுங்களா? உசுரோட ஒரு தடவ பாத்துருவாரு."

"சாயங்காலம் வரைக்கும் தாங்குமுங்கம்மா. மாஸ்டர் பாத்துக்குவாரு," என்று சொல்லிவிட்டு டாக்டர் வார்டுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஜாடியில் நுரை பொங்கி மூடியைத் தொட்டது. எங்கள் தொழிலில் நுரை சனியன். மெஷினில் நுரை ஏறினால் துணி சிக்கிக்கொள்ளும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நுரையைக் கண்டால் என் கை மூளையைக் கேட்காது. காற்று வால்வைத் திருகி மூடினேன். நுரை அடங்கியது. பம்ப் சீராக ஓடியது, அழுத்தம் சரி, சூடு முப்பத்தேழு. கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

"மாஸ்டருங்க," என்றாள் மருதாள். "கலரு எறங்குதுங்க."

அவள் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் செக்கிங் மேசையில் துணியின் நிறமும் குறையும் பார்த்து நின்றவள். ஆனால் செக்கிங் பெண்கள் நிறத்தில் குறை சொன்னால் சாயமாஸ்டர்கள் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதைச் சொல்லி எத்தனையோ தடவை தப்பித்திருக்கிறேன்.

"டியூப்லைட்ல அப்படித்தான் தெரியும் அம்மிணி. கலர வெயில்ல வெச்சுப் பாத்துத்தான் சொல்லோணும்."

அவள் அடங்கிப்போனாள். மாஸ்டர் சொன்னால் அடங்கித்தான் பழக்கம். கொஞ்ச நேரம் கழித்து, "சொட்டு நின்னு போச்சுங்க," என்றாள்.

"குழாய்ல அடைப்பா இருக்கும்," என்று குழாயைச் சுண்டினேன். ஜாடியை நான் பார்க்கவே இல்லை. பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கு எல்லாம் சரி.

டாக்டர் வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார். ஜாடியில் ரத்தம் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது.

"காத்த யாருங்க மூடுனது?"

"நுரைச்சுதுங்க," என்றேன்.

அவர் பாய்ந்து வால்வைத் திறந்தார். இரண்டு நிமிடத்தில் ரத்தம் பளிச்சென்று சிவந்தது. மருதாள் எழுந்து நின்றாள். சிறுநீரகம் திட்டுத் திட்டாகச் சிவந்தது, கெட்டுப்போன சாயம் மாதிரி. அரை மணி நேரம் மூன்று பேரும் குழாயின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் விழவில்லை.

"ரத்தம் ஓடிச்சு, மூச்சுத்தான் போகல. முடிஞ்சுதுங்கம்மா," என்றார் டாக்டர்.

மருதாள் என்னைத் திட்டவில்லை. "நான் சொன்னேனுங்களே," என்றாள், அவ்வளவுதான். வெட்கத்தில் அந்தப் பெட்டிப் பக்கமே முகத்தைத் திருப்ப முடியவில்லை.

டாக்டர் சுவிட்சுக்குக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டுமுங்க. அவரு வந்துரட்டும்."

ஓட்டினோம். செத்துப்போன ஒன்றுக்கு நாலு மணிவரை நான் சூடு பார்த்தேன், அழுத்தம் பார்த்தேன், நுரை பொங்கியபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு துடிப்புக்கும் அது லேசாக அசைந்தது. அதைச் செய்வது என் பம்ப்தான் என்று தெரிந்திருந்தும் குனிந்து குழாயின் முனையைப் பார்த்தேன்.

லாரிப் புழுதியோடு நல்லானின் அப்பா ஆறுச்சாமி வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கறானே!" என்றார். "அசையறானே! உசுரு இருக்குதா மருதா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"மாஸ்டரக் கேளுங்க," என்றாள்.

"இருக்குதுங்க," என்றேன்.

அவர் கண்ணாடியோடு வாயை வைத்து, "கண்ணு, அப்பா வந்துட்டேன்," என்று பேச ஆரம்பித்தார்.