சீராக வந்த கடல்

எங்கள் ஊரில் கல்யாணமாகி வருகிற பெண் பிறந்த வீட்டுச் சீராக ஒரு கடலையும் கொண்டுவருவாள். கட்டில், பீரோவெல்லாம் அவரவர் வசதியைப் பொறுத்தது. கடல் மட்டும் கட்டாயம். கண்ணாடித் தொட்டியில் வரும். அதில் பவளம் இருக்கும், நாலைந்து மீன் இருக்கும், காதை வைத்துக் கேட்டால் அலையும் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் முன்னறையில் இடம் ஒதுக்கி, விளக்கும் மோட்டாரும் போட்டுக் கொடுக்க வேண்டும். பவளத்தில் நிறம் இருக்கும்வரை பெண் அந்த வீட்டில் இருப்பாள். அத்தனையும் வெளுத்துவிட்டால், பெண் வீட்டார் வண்டி கொண்டுவந்து கடலையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். இதில் சண்டை சச்சரவெல்லாம் கிடையாது. காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

செலஸ்டின் வீட்டில் பவளம் வெளுக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மோட்டார் ஓரமாக இருந்த பச்சைப் பவளம் காலையில் பார்த்தால் சலவைக்குப் போய் வந்த வேட்டி போலிருந்தது. அன்றைக்கே அவன் மனைவி ஜெனோவாவின் சீப்பு கண்ணாடி முன்னாலிருந்து எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த அவளுடைய கல்யாணப் பெட்டிக்குள் போய்விட்டது. அவள் அதை எடுத்துத் தலைவாரிவிட்டுத் திரும்பக் கண்ணாடி முன் வைத்தாள். அது மறுபடியும் பெட்டிக்குப் போனது. அதற்குப் பிறகு அவள் பெட்டி பக்கத்தில் நின்றே தலைவாரிக்கொண்டாள்.

செலஸ்டின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். தலைக்கு மேல் கன்டெய்னர் தொங்கும்போது பதறாத மனுஷன். ஜெனோவா இல்லாமல் அந்த வீட்டில் ஒரு பொழுது ஓட்ட முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வராது. சொல்லத் தெரியாதவன் என்ன செய்வான்? ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டான். கொஞ்சம் உயர்த்திக் கட்டினான். ஊதாப் பவளம் வெளுத்தது, ஜெனோவாவின் செருப்பு பெட்டிக்குள் போனது. சூடாக இருக்குமோ என்று மேசை விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பினான். விசிறிபோல் விரிந்திருந்த மஞ்சள் பவளம் வெளுத்தது, கொடியில் காய்ந்த நைட்டி தானாகவே மடிந்து உள்ளே போனது. மோட்டாரைக் கழற்றிக் கழுவினான். கொசுவர்த்தி வேண்டாமென்று நிறுத்தினான், கொசு அவனைப் பிடுங்கி எடுத்தது. செம்பு பட்டால் பவளத்துக்கு ஆகாதென்று யாரோ சொல்ல, மணலைக் கிளறி ஏதாவது காசு விழுந்து கிடக்கிறதா என்று தேடினான். ஒன்றுமில்லை. இத்தனைக்கும் நடுவில், தொட்டியில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்காமல் தினமும் தவறாமல் ஊற்றிக்கொண்டுதான் இருந்தான்.

கலர்மீன் கடைக்காரர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க அண்ணாச்சி. எது கெடுத்துச்சு, எது காப்பாத்துச்சுன்னே தெரியாமப் போயிரும். ஒண்ணு மாத்துனா கொஞ்ச நாள் பொறுக்கணும்."

பொறுக்க நாள் எங்கே இருக்கிறது? வேம்பாரிலிருந்து ஜெனோவாவின் அண்ணன் ராயப்பன் போன் செய்துவிட்டார். கடல் வெளுத்தால் பிறந்த வீட்டுக்குக் காற்றில் தெரிந்துவிடும். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாரேன் மாப்ள. வண்டிக்குச் சொல்லியாச்சு" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் செலஸ்டினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு பவளம் பாக்கி. ஆரஞ்சு நிறம், நடுக்கல்லின் மேல் இருந்தது. வீட்டில் ஜெனோவாவின் சாமான் ஒன்றுமில்லை. அவள் தேங்காயெண்ணெய் வாசனைகூடப் பெட்டிக்குள் போய்விட்டது. கடைசியில் அவள் குரலும் போனது. பேசினால் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. பெட்டியை முன்னறைக்கு இழுத்துவந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பேசியதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு, எடுத்துச் சாப்பிடுங்க" என்றது பெட்டி.

"எனக்கு எறங்காது" என்றான் செலஸ்டின்.

"சாப்பிடாம கெடந்தா மட்டும் சரியாயிருமா?"

அவன் சாப்பிட்டான். ஆரஞ்சுப் பவளத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் வெளுத்துவிடும் போலிருந்தது.

ராயப்பன் குட்டியானை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, தங்கச்சி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். ஆரஞ்சின் ஓரம் அப்போதுதான் மங்க ஆரம்பித்திருந்தது. "இது முடியறதுக்குள்ள தொட்டிய ஏத்திருவோம் மாப்ள. பெறவு அவசரப்படக் கூடாது" என்றார்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தொட்டி அசையவில்லை. மறுபடி பிடித்தார்கள். ராயப்பனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"கொண்டாரும்போது நம்ம ரெண்டு பேருந்தான தூக்குனோம்?" என்றார் இடுப்பைத் தடவிக்கொண்டே.

செலஸ்டின் குனிந்து தொட்டிக்குக் கீழே பார்த்தான். தரையில் பதித்த டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது. பாரம் பார்த்துப் பழகிய கண் அல்லவா? தண்ணீர் அதே கோட்டில் நிற்கிறது, உள்ளே கல்லும் அதே கல், ஆனால் பாரம் மட்டும் பல மடங்கு ஏறியிருக்கிறது. அப்படியென்றால் ஏறியது தண்ணீர் இல்லை.

ராயப்பன் கண்ணாடியில் காதை வைத்தார். வெகுநேரம் கேட்டார். "ஒத்த கடல் சத்தம் இல்லியே இது. ஒரு அலைக்கு மேல இன்னொரு அலை விழுது. நெருக்கடி" என்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார். "தண்ணி கொறைஞ்சா என்னத்த ஊத்துனிய?"

"கடல் தண்ணிதான் மச்சான். டூட்டி முடிஞ்சு வரும்போது தெனமும் ஒரு கேன் புடிச்சிட்டு வருவேன்."

"அய்ய" என்றார் ராயப்பன்.

சூட்டில் வற்றுவது தண்ணீர் மட்டும்தான். கடல் வற்றாது, அப்படியே உள்ளே கிடக்கும். குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். இவன் தினமும் ஒரு கேன் கடலைக் கொண்டுவந்து, இருந்த கடலின் தலையிலேயே ஊற்றியிருக்கிறான். ஒரு தொட்டியில் இப்போது எத்தனை கடல் கிடக்கிறதோ. பவளத்துக்கு மூச்சுவிட இடமில்லை.

"நான் வந்த புதுசுலயே சொன்னேன், வெறும் தண்ணி போதும்னு" என்றது பெட்டி.

சொல்லியிருந்தாள்தான். செலஸ்டின் அதை உபசாரமாக எடுத்துக்கொண்டான். எங்கள் பக்கம் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்தவர் போதும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால், அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னும் ஒரு கரண்டி வைப்பதுதான் மரியாதை. மாமனார் வீட்டிலிருந்து வந்த கடலுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்ற அவனுக்கு மனசு வரவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் படித்தவன்தான். பந்தி என்று வந்தால் யாருக்கு அது ஞாபகம் வருகிறது?

"ஒரேயடியா எடுத்திராதிய. இருக்கிறதும் போயிரும்" என்றார் ராயப்பன். "ஒரு கப்பு எடுங்க, ஒரு கப்பு வெறும் தண்ணி விடுங்க."

செலஸ்டின் எடுத்தான். கொல்லையிலிருந்த நீல டிரம்மில் ஊற்றினான். முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீரிலிருந்து ஒரு கப் விட்டான். ஆரஞ்சு பாதியாகியிருந்தது. ஜெனோவாவின் இரண்டு காலும் பெட்டிக்குள் போயிருந்தன. அவள் புடவையை ஒதுக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். அவன் அவசரமாக அடுத்த கப்பை மொண்டான். கப்பிலிருந்து தரையில் கொஞ்சம் சிந்த, அது சின்ன அலையாக எழுந்து சுவரில் மோதி ஓய்ந்தது. "மெதுவா" என்றது பெட்டி. இடுப்புவரை போயிருந்தாள். அவன் அழுதுகொண்டே ஊற்றினான். கண்ணீர் தொட்டியில் விழாமல் ராயப்பன் துண்டைப் பிடித்துக்கொண்டார். அதிலும் உப்பு உண்டல்லவா?

டிரம் நிறைந்து, அடுத்த டிரம் நிறைந்து, நாலாவதும் நிறைந்தபோது ஆரஞ்சு நின்றது. ஒரு பொட்டு அளவுதான் பாக்கி. அந்தப் பொட்டு வெளுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஓரத்தில் சாயம் ஊறுவது போல் நிறம் வந்தது. பெட்டியிலிருந்து சீப்பு எழுந்து கண்ணாடி முன் போய் உட்கார்ந்தது. ஜெனோவா எழுந்து காலை உதறிக்கொண்டு, "காப்பி போடுதேன்" என்றாள். அந்தக் குரல் அவள் வாயிலிருந்தே வந்தது.

அப்போதுதான் செலஸ்டினின் சவர ரேஸர் குளியலறையிலிருந்து வந்து அந்தப் பெட்டிக்குள் போனது.

மூவரும் டிரம்களைப் பார்த்தார்கள். டிரம்மில் இருப்பது ஜெனோவா கொண்டுவந்த கடல் இல்லை. அவன் கொண்டுவந்த கடல். அதில் பவளம் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றுமே இல்லாதது அத்தனையும் வெளுத்ததற்குச் சமம்தான், கொண்டுவந்தவன் கிளம்ப வேண்டியதுதான். அவன் சட்டை, லுங்கி, டூட்டி தொப்பி எல்லாம் வரிசையாக உள்ளே போயின. ஜெனோவா சட்டையின் காலரை மட்டும் சரிசெய்து வைத்தாள்.

"பொறந்த வீடு எங்க மாப்ள?" என்றார் ராயப்பன்.

"இதே வீடுதான் மச்சான்."

"அப்ப தூரமில்ல."

டிரம்களையும் பெட்டியையும் அவனையும் ஏற்றிக்கொண்டு குட்டியானை தெருவைச் சுற்றி வந்து அதே வாசலில் நின்றது. இறக்கி முன்னறையில் வைத்தார்கள். ஆக, அவர்கள் கல்யாணம் ரத்தாகிவிட்டது. செலஸ்டின் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவன். ஜெனோவாவின் கடல் நன்றாக இருக்கிறது, அதனால் அவளும் அங்கேயே இருந்தாள். ராயப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கச்சியை அந்நிய ஆணோடு தனியாக விட்டுவிட்டு எந்த அண்ணன் கிளம்புவான்?

"வந்தது வந்தாச்சு. கையோட சம்பந்தம் பேசிருவோம்" என்றார். "தம்பி என்ன வேல பாக்கிய?"

"துறைமுகத்துல கிரேன் ஓட்டுதேன்."

"கடல் உண்டா?"

"நாலு டிரம் இருக்கு."

முதல் டிரம்முக்குள்ளிருந்து ஒரு கப்பல் ஊதியது. ராயப்பன் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். அது போனதும் தங்கச்சி பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்லுத?"

ஜெனோவா காப்பித் தட்டோடு நின்று, முதல் தடவையாகப் பார்ப்பது போல் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று அவனிடம் ஒரு டம்ளரை நீட்டினாள்.