ஒலிக்காத மீன்

மெலிந்த மீன் குஞ்சின் விலாவை விரல் முட்டியால் தட்டினால் ‘ணங்’ என்று ஓர் ஓசை வரும். தட்டியவர் கையை எடுத்த பிறகும் அது காற்றில் கொஞ்ச தூரம் நடந்து போகும். நான் இளம்பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டு அடுக்களையில் கேட்ட ஓசை. இன்றும் பாத்திரம் கழுவும்போது சில நேரம் கேட்கிறது.

மாசி முடிந்து கடலில் இரை குறைந்ததும் எங்கள் ஊரில் மீன் குஞ்சுகள் கரையேறி வந்துவிடும். வீட்டுக்கு ஒன்றாகத் தங்கும். ஆனியில் கச்சான் காற்று எழுந்து அடிக்கடலின் சத்தைக் கிளறி மேலே கொண்டுவரும். தண்ணீர் பச்சையாகும்; கூனி என்கிற பொடி இறால் பெருகும். அப்போது அவை திரும்பிப் போகும். நான் பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து வந்திருந்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு சீலா மீன் குஞ்சு வந்தது. பெயர் இன்னாசி. அண்டாவில் கடல்தண்ணீர் நிரப்பி ஜன்னலோரம் வைத்தோம். மரியாதை தெரிந்த மீன். எதைக் கொடுத்தாலும், “நீங்க சாப்பிட்டாச்சாக்கா?” என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பான்.

கொடுக்கத்தான் அதிகம் இருக்கவில்லை. கிடைத்த கொஞ்சத்தையும் இன்னாசி நீளத்துக்கே செலவிட்டான். குஞ்சுகள் அப்படித்தான். பெரிய வாய்களுக்கு அடங்காத நீளத்துக்குச் சீக்கிரம் வளர்ந்துவிட வேண்டும். சதையும் ஈரலில் கொழுப்பும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பட்டினியிலும் அத்தனை சிறிய உடம்பு இப்படிக் கணக்காக யோசிப்பதை நான் எப்போதும் வியந்திருக்கிறேன். பங்குனியில் அவன் வால் அண்டாவுக்கு வெளியே நீண்டு கிடந்தது. உடம்பு பனையோலை போலிருந்தது.

எங்கள் கோயிலுக்கு வெண்கல மணி கிடையாது. ஈஸ்டர் காலையில், ஊரில் நன்றாக ஒலிக்கும் குஞ்சைக் கோபுரத்தில் கட்டுவார்கள். கட்டிய குஞ்சு இறங்குவதில்லை. அந்த அளவுக்கு மெலிந்த பிறகு கச்சான் வந்தாலும் பயனில்லை. கண்முன் இரை மிதந்தாலும் துரத்த வாலில் பலம் இருக்காது. அது ஒரு வருடம் ஒலிக்கும். பிறகு ஓசை தேயும். ஒரு நாள் கயிறு மட்டும் ஆடும்.

குருத்தோலை ஞாயிறு முடிந்து, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சலேத் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்டாவின் முன் முழந்தாளிட்டுத் தட்டினார்.

‘ணங்.’

“அம்மாடி! பக்கத்து ஊருக்கே கேக்கும். இன்னாசி, இந்த வருஷம் நீதாம்ல.”

“சரிய்யா. உங்களுக்குப் பிரயோஜனப்பட்டாச் சரி,” என்றான் இன்னாசி.

பக்கத்து வீட்டு எமரென்சி பின்வாசலில் நின்றிருந்தாள். உப்பளத்தில் வேலை. ஊரிலேயே பருமனான பெண். அவள் படியேறினால் எங்கள் அலமாரியில் தட்டுகள் நகரும்.

“என்னவே உபதேசியாரே, பிள்ளை பசியில கத்துறது உமக்குப் பாட்டாத் தெரியுதோ?”

“உனக்கு என்ன தெரியும் எமரென்சி? உன்னைத் தட்டுனா மாவு மூட்டையைத் தட்டுன மாதிரில்லா இருக்கும்.”

“தட்டித்தான் பாருமே. கை உள்ள போயிரும், பொறவு ஊரே சேந்து தேடணும்.”

அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். எமரென்சி இன்னாசியின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். “ஏட்டி, நீளம் போட்டிருக்கான், சதை ஒட்டல. ஈரல் காலி. கோபுரத்துல ஏறுனா அவ்வளவுதான்.”

கச்சான் வீசும்போது எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு ஜாடியில் அதைக் கொஞ்சம் பிடித்து மூடி வைப்பார்கள். பஞ்ச மாதங்களில் திறந்து முகர்ந்தால் உடம்பில் சதை நிற்கும். எங்கள் ஜாடிகள் அந்த வருடம் அப்பாவின் காய்ச்சலில் தீர்ந்திருந்தன, அப்பாவும் போயிருந்தார். மறுநாள் மத்தியானம் எமரென்சி தன் ஜாடியோடு வந்தாள்.

“இதை இவனுக்குக் குடுத்துட்டு நீ என்ன பண்ணுவ?” என்றாள் அம்மா.

“உடம்புல இருக்கிறதை வச்சுத் தின்னுக்கிடுவேன். மூட்டை மூட்டையாக் கிடக்குல்லா.”

ஜாடியை அண்டாவின் மேல் சாய்த்தாள். ஜன்னல் கதவுகள் படபடத்தன. தண்ணீர் மெல்லப் பச்சையானது. அதில் கூனி துள்ளத் தொடங்கியது. இன்னாசி முதல்முறையாக யாரிடமும் எதுவும் கேட்காமல் வாயைத் திறந்தான். எமரென்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் வந்தாள். பெரிய வியாழன் அன்று அவள் படியேறியபோது தட்டுகள் நகரவில்லை.

ஈஸ்டர் காலையில் உபதேசியார் இன்னாசியைக் கோயில் முற்றத்துக்குத் தூக்கிப் போனார். அவருக்கு மூச்சு வாங்கியது. கயிற்றைக் கட்டும் முன் ஒரு முறை தட்டினார்.

‘தொப்.’

மணி ஒலிக்காமல் பூசை தொடங்காது. மறுபடி தட்டினார். ‘தொப்.’ அதைவிட நிறைவான ஓசையை நான் கேட்டதில்லை.

எமரென்சி முன்னால் வந்தாள். சேலை அவள்மேல் கொடியில் காய்வது போலத் தொங்கியது. தன் காறை எலும்பை முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

‘ணங்.’

மணலில் சாய்ந்து கிடந்த வள்ளங்கள் மெல்ல நிமிர்ந்தன.

“மாவு மூட்டைன்னீரே?” என்றபடி அவளே கோபுரப் படியில் ஏறினாள். “கயித்தை இடுப்புல கட்டாதேயும்வே, கூசும்.”

ஆனியில் தண்ணீர் பச்சையானதும் இன்னாசி எங்களிடம் சொல்லிக்கொண்டு கடலுக்குப் போனான். மணலில் அவன் போன தடம் ஆழமாக இருந்தது.

எமரென்சியின் கயிறு வெறுமையாகவில்லை. ஒவ்வொரு ஆனியிலும் இன்னாசி வாய் நிறையக் கூனியோடு கோபுரம் ஏறி வருகிறான். அந்த மாதம் அவளுக்குச் சதை பிடித்து ஓசை நின்றுவிடும். ஆகவே ஆனியில் எங்கள் ஊரில் பூசை கிடையாது. இறந்தவர்கள் அடக்கப் பூசைக்கு ஆடி பிறக்கும் வரை காத்திருப்பார்கள். அம்மா ஆனி முதல் வாரத்தில் இறந்தாள். “அவ நல்லாச் சாப்பிடட்டும், எனக்கென்ன அவசரம்?” என்று அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆடியில் மணி ஒலித்ததும் கையைக் கழுவிவிட்டுப் போனாள்.