பட்டாணியின் மகள்

டாக்டர் அளவு நாடாவைக் குழந்தையின் புருவத்துக்கு மேலே வைத்து, பின்மண்டை துருத்தும் இடம்வரை சுற்றிக் கொண்டுவந்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்று முறை அளந்து பெரியதை எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். எட்டு மாதக்காரி நாடாவின் நுனியைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள்.

"அதைத் தின்னுட்டா நான் எதை வெச்சுடி அளக்கறது?"

தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் குழந்தை இருந்தபோது அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது, உடம்பெல்லாம் தடிப்பு. அப்படி வரும் சில தொற்றுகள் குழந்தையின் தலை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, மகளைக் குளிப்பாட்டும்போது தலையில் கைவைக்காமல் தண்ணீரை மட்டும் ஊற்றினாள். யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. அந்த வேலையை அவளே பார்த்துக்கொண்டாள்.

"ரத்தப் பரிசோதனையில தொற்று எதுவும் இல்லம்மா. மூளை ஸ்கேனும் நல்லா இருக்கு. உக்கார்றா, கைநீட்டி எடுக்கறா, ஆளைப் பாத்துச் சிரிக்கறா. தலை சின்னதுதான், ஆனா வளந்துட்டுதான் இருக்கு."

"அப்ப ஏன் டாக்டர் சின்னதா இருக்கு?"

"அதைத்தான் தேடறேன். குடும்பத்துல யாருக்காவது இப்படி உண்டான்னு போன தடவையே கேட்டேன்."

"எங்க பக்கம் எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க," என்றான் கணவன், போன தடவை சொன்னதையே. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவனுக்கு. மடியில் இருந்த ஹெல்மெட்டுக்குள் ஒரு துண்டு மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது.

டாக்டரின் கண் அதில் நின்றது. "துண்டு எதுக்கு?"

"எனக்கு எந்த சைஸும் நிக்காது டாக்டர். இருக்கறதுலயே சின்னதும் ஆடும். வேலை செய்யற இடத்துல என்னைப் பட்டாணின்னுதான் கூப்பிடுவாங்க."

"பட்டாணி சார், கொஞ்சம் குனிங்க."

நாடா அவன் தலையையும் மூன்று முறை சுற்றியது. பிறகு டாக்டர் நிமிர்ந்து அவனையே பார்த்தார். "இதை ஏன் சொல்லல?"

"வியாதி இருக்கான்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன். இது தலைதானே."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அனேகமா அப்பா தலைதாம்மா மகளுக்கு வந்திருக்கு. இருந்தாலும் மூணு மாசத்துக்கு ஒருதடவை தூக்கிட்டு வாங்க. அளந்துக்கிட்டே இருப்போம்."

"அப்ப அந்தக் காய்ச்சல்?"

"அது வந்துச்சு, போச்சு. நீங்களும் அதை விட்டுடுங்க."

வண்டி நிறுத்துமிடத்துக்கு அவன் முன்னால் நடந்தான். அங்கே போனதும், "எல்லாம் என்னாலதான்," என்றான்.

"நல்லாருக்கே. இந்தத் தலையை என்ன, நீங்களா கடையில பாத்து வாங்கிட்டு வந்தீங்க? தானா வந்ததுக்கு உங்க மேல என்ன தப்பு?"

சொன்ன வார்த்தைகள் அவள் காதிலேயே போய் விழுந்தன. பிறகு அவனிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கி, உள்ளே இருந்த துண்டை எடுத்து உதறி, சீராக மடித்து மறுபடி அதற்குள் வைத்தாள். அவன் தோளில் தூங்கிப்போயிருந்த மகளின் தலையில் உள்ளங்கையைப் பதித்தாள்.