ஷைனி கொடுத்த சிறுநீரகம்

ஆனந்த்ராஜ் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆப்பரேட்டர். சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது அவன் மனைவி ஷைனி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அதற்கான மாத்திரையைக் காலையும் ராத்திரியும் போட்டுக்கொண்டு இரண்டு வருஷமாக ஷிப்டுக்கும் போய்வந்தான்.

மழை தொடங்கியதும் சளி பிடித்தது. விட்டுவிட்டு மறுபடி பிடித்தது. கேன்டீனில் அவன் இருமுவதைப் பார்த்து, கூட வேலை செய்யும் சசிகுமார் சொன்னான்: "நீ சாப்புடுற மாத்திர எதிர்ப்பு சக்தியக் கொறைக்கத்தானே? அப்புறம் சளி எப்படி வுடும்?"

ஆனந்த்ராஜுக்கு அது நியாயமாகப் பட்டது. காலை மாத்திரையை ஷைனி எதிரில் போட்டுக்கொண்டான். ராத்திரி மாத்திரையை ஷிப்டுக்குக் கொண்டுபோகிற பையிலேயே விட்டுவைத்தான். சளி நின்றது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஷூ போட முடியாதபடி பாதம் வீங்கியது. ஷைனி கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது. மறுநாளே அவனைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பரிசோதித்த பிறகு டாக்டர் விஜயலட்சுமி இருவரையும் கூப்பிட்டார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறாரா?"

"போடுறாருங்க டாக்டர்," என்றாள் ஷைனி.

ஆனந்த்ராஜ் தரையைப் பார்த்தான். "ராத்திரி போடுறதில்லைங்க. சளி புடிச்சிக்கினே இருந்துச்சு."

ஷைனி அவன் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் திட்டவில்லை. "இது வேற ஒருத்தரோட கிட்னின்னு உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளணுவுக்குத் தெரியும். தெரிஞ்சதும் அது சின்னச் சின்னப் புரதங்களா தகவல் அனுப்பும். சைட்டோகைன்னு பேரு. அந்தத் தகவலாலதான் மத்த அணுவெல்லாம் பெருகி, ஒண்ணா சேர்ந்து வரும். கிருமி வந்தா நம்மளக் காப்பாத்துறது இதுதான். உங்களுக்கு அதே கூட்டம் கிட்னியத் தாக்குது. அதுல முக்கியமான ஒரு தகவலை உண்டாக்க விடாம உங்க மாத்திரை தடுத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க பாதிய நிறுத்திட்டீங்க."

"ரெண்டு வருஷம் ஆச்சேங்க டாக்டர். இன்னுமா அத வேத்து ஆளா பாக்குது?" என்று கேட்டாள் ஷைனி.

"எத்தனை வருஷமானாலும் அப்படித்தாம்மா."

வார்டில் சேர்த்து ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வீக்கம் வடிந்தது. கிரியாட்டினினும் இறங்கியது, ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. சிறுநீரகத்தில் கொஞ்சம் தழும்பாகிவிட்டது, அது இனிச் சரியாகாது என்றார் டாக்டர்.

திரும்பி வரும் பஸ் கடலூரைத் தாண்டியது. ஷைனி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "குனிஞ்சி நிமுந்தா ஆபரேஷன் பண்ண எடம் எனக்கு இன்னும் வலிக்குது. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்றதில்ல."

"நீயும் மறைச்சிக்கினுதான் இருந்திருக்க."

"ஆமா. ஆனா என்னோடது வெறும் வலிங்க."

அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் விலக்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சசிகுமார் அவர்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். உட்காராமல் நின்றுகொண்டே, "நான் சொன்னதாலயா அண்ணி?" என்று கேட்டான்.

"தெரியாம சொன்னீங்க. டாக்டர ஒரு வார்த்த கேட்டிருக்க வேண்டியது இவருதான்," என்று காபியை நீட்டினாள் ஷைனி. "உக்காருங்க, ஆறிடப்போவுது."