நாலைந்து வினாடி

...போச்சு, மறுபடியும் போச்சு, ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தூக்கிய காலோடு திரையில் அப்படியே நிற்கிறார்கள், கேப்டனின் குரல் “பூனை, இடது பக்கம் பா...” என்று பாதியில் அறுந்துவிட்டது, விசைகளை எப்படி அமுக்கினாலும் கல்லில் நார் உரிக்கிற கதைதான், பொறு, பதறாதே, நாலைந்து வினாடிதானே, இதோ வந்துவிடும்... வந்துவிட்டது, வந்தபோது அவள் செத்துக் கிடந்தாள். யார் சுட்டார்கள், எங்கிருந்து சுட்டார்கள், ஒன்றும் தெரியாது. செத்துக் கிடக்கிற தன் உடம்பையே மேலிருந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆட்டத்தில் இன்னும் உயிரோடிருக்கும் கொசு, அந்தக் கல்லூரிப் பெண், “அக்கா, கட் ஆச்சா?” என்று ரகசியம் மாதிரி கேட்கிறாள், ரகசியமா இது, ஐந்து பேருக்கும் தெரிந்துபோன சமாச்சாரம். கேப்டனுக்கும்தான். எங்கோ மருந்துக்கடை வைத்திருக்கும் மனிதர், முகத்தைப் பார்த்ததில்லை, கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மருந்துச் சீட்டு படிக்கிற குரலில்தான் பேசுவார். நேற்று அப்படித்தான் படித்தார்: “சனிக்கிழமை மேட்ச்ல இப்படி ஆச்சுன்னா மொத்த டீமும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நாளைக்கு ஒரு நாள் பாப்போம். கட் ஆச்சுன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காத பூனை.” தப்பா எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் செய்வாள், அதுதான் இன்னும் எரிகிறது.

பூனை. ஆட்டத்தில் அவள் வைத்துக்கொண்ட பேர், இந்த ஊரில் அவளை அப்படிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது, இந்த ஊரில் அவளை எப்படியும் கூப்பிட ஒரு ஆள் கிடையாது, காலையில் அலுவலக வேலை, அதுவும் இதே நாற்காலியில், யார் யாரோ வாடிக்கையாளர்களின் புகார், மதியத்தோடு அது முடிந்தால் இந்த ஆட்டம், இதிலாவது அவள் கெட்டிக்காரி, சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கிறவள், எதிரணிக்காரர்களே பேர் சொல்லித் திட்டுகிற அளவுக்குக் கெட்டிக்காரி. கல்யாணமாகி வந்த இடத்தில் மிச்சமிருக்கிற ஒரே சொந்த இடம் அது. அதுவும் போய்விட்டால்... போகவிடக் கூடாது. என்னதான் செய்யாமல் விட்டாள்? ரௌட்டரை அணைத்துப் போட்டாள், அணைத்து, தேநீர் குடித்து முடிக்கிற நேரம் விட்டு, மறுபடி போட்டாள், அலைவரிசையை மாற்றினாள், வேகமான அலைவரிசை இந்த அறை வரைக்கும் எட்டவே எட்டாது, நடுவில் கோட்டைச் சுவர் மாதிரி ஒன்று நிற்கிறது, மடிக்கணினியில் எதையெதையோ அழித்து எதையெதையோ ஏற்றினாள். கணவன் தன் பங்குக்கு ரௌட்டரைத் துணியால் துடைத்தான், துடைத்துவிட்டு, “இப்ப பாரு” என்றான், தூசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இணைப்புக் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தான், ஹாலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து என்னவோ அளந்தான், மாமா, அவள் கணவனின் அப்பா, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார், நெடுநேரம் பார்த்தும் ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை, “லைன் கண்ணாடி மாதிரி இருக்குக்கா” என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அவளே ஒரு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில், அந்த ரௌட்டர் அடியிலேயே உட்கார்ந்து காவல் காத்தாள், அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை, பார்க்கிறவரை சாது, முதுகைத் திருப்பினால் வேலையைக் காட்டும். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினால் போதும், அதற்கு மூக்கில் வியர்த்துவிடும்.

கதவைச் சாத்தாமலும் விளையாட முடியாது. வந்த புதிதில் ஒரு நாள் திறந்து வைத்துக்கொண்டு விளையாடியபோது, “கொல்லு, விடாத, அவனைக் கொல்லு” என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள், திரும்பிப் பார்த்தால் ஹாலில் மாமா கையில் செய்தித்தாளோடு நின்றுகொண்டிருந்தார். போய் டிவி சத்தத்தைக் குறைத்தார், அன்றிலிருந்து மதியத்தில் அந்த டிவி வாய் மட்டும்தான் அசைக்கிறது, கோபமா, வெறுப்பா, இவளுக்கு இது ஒரு கேடா என்ற நினைப்பா, எதைப் படிப்பது அந்த முகத்தில். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், ஓட்டிய காலத்தில் ஹாரனில் கை வைத்ததே அபூர்வம் என்று கணவன் பெருமையாகச் சொல்லுவான், குறுக்கே மாடு படுத்திருந்தாலும் அது எழுந்து போகிறவரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அவருக்கு வாய்த்த மருமகள் ஊரைக் கூட்டுகிறவள். முதலில் இந்தத் தொல்லைக்கெல்லாம் இடமில்லாமல் ஹாலிலிருந்து தரையோடு நீளக் கேபிள் போட்டிருந்தாள், அதில் ஒரு நாள் அவர் கால் சிக்கித் தடுமாறி சுவரைப் பிடித்து நின்றார், அவளே சுருட்டிப் பரணில் போட்டாள், அதற்கப்புறம்தான் இந்த வைஃபை, இந்த நாலைந்து வினாடி. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் மேசைமேல் டீ சூடாக இருக்கும், குடிப்பாள், அவர் கையிலும் ஒரு கப் இருக்கும், இரண்டாவதோ மூன்றாவதோ, ஓய்வுபெற்ற மனிதருக்கு வேறென்ன பொழுதுபோக்கு, “நல்லாருக்கு மாமா” என்பாள், “ம்” என்பார், அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த சுற்று தொடங்கிவிட்டது, கவனி. இன்றைக்கு ஒரு வேலை செய்திருக்கிறாள், திரையின் ஓரத்தில் சின்னதாக இரண்டு கறுப்புக் கட்டங்கள், ஒன்று ஹாலில் இருக்கும் ரௌட்டரை ஓயாமல் ‘இருக்கிறாயா’ என்று கேட்கிறது, இன்னொன்று வெளியே எங்கோ தூரத்திலிருக்கும் கணினியைக் கேட்கிறது, பதில் வந்தால் ஒரு வரி ஏறும், வராவிட்டால் ஏறாது. தூரத்துப் பதில் மட்டும் நின்றால் குற்றம் கம்பெனிமேல், நாளைக்கே போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம், என்ன கேட்பது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறாள். வரிகள் ஏறுகின்றன, ஏறுகின்றன, சுவரோரமாகப் பதுங்கிப் போகிறாள், ஹெட்போன் வலது காதை அழுத்தி வலித்ததால் ஒரு பக்கம் தள்ளி வைத்திருந்தாள், அந்தக் காதில் மின்விசிறிச் சத்தம், கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல்... நின்றது. இரண்டு கட்டமும் நின்றது. தூரத்து வரி மட்டுமல்ல, ரௌட்டர் வரியும். அப்படியென்றால் கம்பெனி இல்லை, தெரு இல்லை, வீட்டுக்குள்ளேதான், இந்த அறைக்கும் ஹாலுக்கும் நடுவிலேயேதான். முனகல் நின்று ‘டிங்’ என்றது. வரிகள் ஏறத் தொடங்கின. செத்துக் கிடந்தாள்.

மைக்ரோவேவ். அட, ரௌட்டர் இருக்கும் அலமாரிக்கு நேர் கீழே அந்தப் பெட்டி, அது ஓடினால் வைஃபை படுத்துவிடும் என்று எங்கோ படித்தும் இருக்கிறாள், படித்து என்ன, ஹெட்போன் இரண்டு காதையும் அடைத்திருக்கும்போது அது ஓடுவது யாருக்குக் கேட்டது. சந்தோஷத்தில் கையைத் தட்டப் போனாள். ஆனால் இந்த நேரத்தில் மாமா எதைச் சூடு பண்ணுகிறார், அதுவும் நாலைந்து வினாடி, விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப? “பூனை, லைனைப் பாத்துட்டு வா, அதுவரைக்கும் நிறுத்தி வெக்கறேன்” என்றார் கேப்டன், அதே மருந்துச் சீட்டுக் குரல், “கடைசித் தடவை.” ஹெட்போனை வயரோடு உருவிப் போட்டுவிட்டு எழுந்தாள், போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான், மாமா, இந்த நேரத்துல மட்டும் அதைப் போடாதீங்க, இவ்வளவுதானே, இதற்கு ஏன் கதவுப் பிடியில் கை தயங்குகிறது.

மேசைக்குப் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். முன்னால் இரண்டு கப். அவளைப் பார்த்ததும், நேரத்துக்கு முன்னால் பஸ்ஸைக் கிளப்பிவிட்டுப் பிடிபட்டவர் போல ஆகிவிட்டார். ஒரு கப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆறிடுச்சும்மா. இப்பத்தான் வெச்சேன், சரியா சூடாகல. இரு, இன்னொரு தரம் வெச்சுத் தரேன்.”

“டீ எப்ப போட்டீங்க மாமா?”

“அப்பவே. ஆற ஆறக் கொஞ்சம் சூடு காட்டிட்டிருக்கேன், நீ எப்ப வருவேன்னு தெரியாதில்ல.”

“கதவைத் தட்டியிருக்கலாமே.”

“நீ வேலையா இருப்ப,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “உள்ள இருக்கற பொண்ணை நான் எப்படிம்மா தட்டிக் கூப்பிடறது.”

ஆட்டம் சீக்கிரம் முடிந்த நாளிலும் சூடு, நீண்டுபோன நாளிலும் அதே சூடு, எப்படி என்று ஒரு நாளாவது யோசித்தாளா? கம்பெனி ஆள் வந்தபோதும், அவளே ஹாலில் காவல் காத்தபோதும் கட் ஆகவில்லையே, ஆகுமா, அன்றைக்கெல்லாம் டீ போட்டவுடனே கையில் கொடுத்துவிட்டாரே... இப்போது சொல்லலாம், இதுதான் நேரம், ஒரே ஒரு வரி. சொன்னால் என்ன செய்வார் என்று தெரியும், ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார், “சரிம்மா” என்பார், நாளையிலிருந்து அந்தப் பெட்டிமேல் ஒரு துணி விழும், டீயும் நின்றுபோகும், அவர் நிறுத்திவிட்டதுகூட யாருக்கும் கேட்காது. சொல்லாவிட்டால் சனிக்கிழமை போச்சு. திறந்த கதவு வழியாக உள்ளேயிருந்து கேப்டனின் குரல் வந்தது, “பூனை, வந்துட்டியா, சரியாயி...”, பாதியிலேயே நின்றுவிட்டது, மாமா பொத்தானை அமுக்கியிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சத்தில் தட்டு மெதுவாகச் சுற்றியது, அதன்மேல் ஒரு கப் அல்ல, இரண்டு கப்பும் இருந்தன, இரண்டும் விளிம்புவரை நிறைந்து, இரண்டிலும் ஒரே மாதிரி ஆடை படிந்து. இத்தனை நாளாக, அவள் வருகிறவரை அவரும் குடிக்கவில்லை.