வீட்டுப் பாத்தி

எனக்குக் கோபம் மூக்குநுனியில இருக்கும். அது தெருவுக்கே தெரியும். ஆனா மண் பரிசோதனை ஆபீஸ்ல இருந்து அன்னைக்குப் போன் வந்தப்போ, கோபமே வரல. வரப்புல அப்படியே உக்காந்துட்டேன்.

"அண்ணே, நீங்க கொடுத்த மண்ணுல ஈயம் ரொம்ப அதிகமா இருக்கு. நாளைக்குக் காலைல நானே நேர்ல வரேன். அதுவரைக்கும் ஒரு கட்டு கீரை கூட யாருக்கும் விக்காதீங்க, நீங்களும் சாப்பிடாதீங்க. வீட்ல சின்னக் குழந்தைங்க யாராவது இருக்காங்களா?"

இருக்கு. ரெண்டரை வயசுப் பொண்ணு. வாலுன்னுதான் கூப்பிடுவோம், அவ பண்ற சேட்டைக்கு வேற பேரே தோணாது. கல்யாணமாகி ஒம்பது வருஷம் கழிச்சு வந்து பொறந்தவ. பல்லு முளைச்ச நாள்ல இருந்து தினமும் மத்தியானம் ஒரு கிண்ணம் கீரை மசியல் அவளுக்கு. அதையும் கண்ட இடத்துல பறிக்க மாட்டேன். அவளுக்குன்னு தனிப் பாத்தி.

அந்தப் பாத்தியைப் பத்திச் சொல்லணும். எனக்கு இருக்கிறது ஒன்றரை ஏக்கர், முழுக்கக் கீரை. வாய்க்கால் தண்ணி தோட்டத்துக்குள்ள நுழையிற மூலையில நாலு கட்டில் அகலத்துக்கு ஒரு பாத்தி, அது மட்டும் வீட்டுக்கு, வாலு பொறந்தப்புறம் அவளுக்கு மட்டும். வருஷா வருஷம் வாய்க்கால் வண்டலை நானே வாரி, கூடையில சுமந்து அதுல கொட்டுவேன். மண்ணு கருகருன்னு இருக்கும், கையில எடுத்தா வெண்ணெய் மாதிரி. அதுல விளையிற இலையும் உள்ளங்கை அகலம். மிச்சத் தோட்டத்துல ரெண்டு வருஷமா கீரை சோகை பிடிச்ச மாதிரி, நரம்பு மட்டும் பச்சை, நடுவுல வெளிறிப்போய், இலை சிறுத்துக் கிடந்துச்சு. நானும் என்னென்னவோ உரம் போட்டுப் பாத்தேன். ம்ஹூம்.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய ஆஸ்பத்திரி சமையலறையில தினம் நூறு கட்டு கீரை கேட்டாங்க. மண் பரிசோதனைச் சீட்டு ஒண்ணு வேணும்னாங்க. ஆபீஸ்ல ஒரு மேடம், எல்லாரும் மண்ணுக்காரம்மான்னு சொல்லுவோம், எப்படி எடுக்கணும்னு பொறுமையா விளக்கினாங்க. தோட்டம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமா நடந்து, பதினஞ்சு இடத்துல குழி வெட்டி, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, அதுல அரைக் கிலோ. இரும்பு வாளி கூடாது, தகர வாளி கூடவே கூடாது, பிளாஸ்டிக் வாளிதான். எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு வந்தேன்.

வந்து என்ன பண்ணேன் தெரியுமா? வீட்டுப் பாத்தியில இருந்து அரைக் கிலோவை அள்ளிப் பையில கட்டிட்டேன். விருந்தாளி வந்தா கிழிஞ்ச பாயையா விரிப்போம்? மண்ணுக்குப் பரீட்சைன்னா, பாஸ் ஆகுற மண்ணைத்தானே அனுப்பணும்! எத்தனை இடத்துல எடுத்ததுன்னு சீட்டுல கேட்டிருந்துச்சு. கூசாம பதினஞ்சுன்னு எழுதினேன்.

அந்த மண்ணுலதான் ஈயம்.

போனை வெச்சிட்டு வீட்டுக்கு ஓடினேன். அடுப்படியில என் பொண்டாட்டி வாலுவை மடியில போட்டுக்கிட்டுக் கிண்ணத்தோட உக்காந்திருந்தா. கிண்ணத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கொட்டிட்டேன்.

"ஏங்க, புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? பிள்ளை வாய்க்கு வர்றதைப் பிடுங்குறீங்க!"

"பூச்சி இருந்துச்சு" ன்னேன்.

"பூச்சியா? ரெண்டு தடவை அலசினேன், என் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வாசல்ல இருந்தே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!"

அவகிட்ட பொய் சொல்லி நான் ஜெயிச்சதே கிடையாது. தோட்டத்து மண்ணுல ஏதோ ஈயமாம், நாளைக்கு மேடம் வராங்களாம்னு பாதியை மட்டும் சொன்னேன். தோட்டத்து மண்ணுன்னுதான் சொன்னேன். எந்த மூலைன்னு சொல்லல. அவளும் அன்னைக்கு அதுக்கு மேல கேக்கல, வாலுவுக்கு வேற ஏதோ ஆக்கிப் போட்டா.

மறுநாள் மண்ணுக்காரம்மா ஸ்கூட்டர்ல வந்தாங்க. முன்னாடி ரெண்டு பிளாஸ்டிக் வாளி, பின்னாடி ஒரு மண்வெட்டி. வரப்புல நின்னு தோட்டத்தை ஒரு சுத்து பாத்தாங்க. என் பொண்டாட்டி வாலுவை இடுப்புல வெச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா.

"மேலே, வாய்க்கால் வர்ற வழியில, பழைய பேட்டரி உடைக்கிற பட்டறை ஒண்ணு ரொம்ப வருஷம் நடந்துச்சு இல்லையா? அந்தக் கழிவு வாய்க்கால் வழியா வந்திருக்கும். ஆனா பதினஞ்சு இடத்து மண்ணைக் கலந்தும் இவ்வளவு காட்டுதுன்னா, மொத்தத் தோட்டமும் போச்சுன்னு அர்த்தம் அண்ணே. திங்கிற பொருள் எதையும் இதுல இனி போட வேண்டாம்னுதான் நான் எழுதணும்."

"மொத்தமுமா?" என் பொண்டாட்டி குரல் உடைஞ்சுபோச்சு. "இதை விட்டா எங்களுக்கு வேற ஒரு சாண் நிலம் கிடையாதுங்க மேடம்."

மேடம் குனிஞ்சு வெளிறின இலை ஒண்ணைப் பறிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இது என்னமோ எனக்குப் பொருந்தல. இது துத்தநாகம் பத்தாத இலை. மண்ணுல துத்தநாகம் தாராளமா இருக்குன்னு வந்திருக்கே... அண்ணே, பதினஞ்சு இடத்துலயும்தானே எடுத்தீங்க?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க. எனக்கு ஆறு நாள்தான் ஓடுச்சு.

ஆமான்னு சொல்லியிருக்கலாம். சத்தியமா ஆமான்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. நிலம் போகும், போகட்டும். பழி வாய்க்கால் மேல, பட்டறை மேல, எல்லார் மேலயும் பரவிப் போயிரும். இல்லைன்னு சொன்னா நிலம் தப்பிச்சிரும். ஆனா அவ்வளவு ஈயமும் அந்த ஒத்தைப் பாத்தியில இருக்குன்னு ஆயிரும். அதுல விளைஞ்சதை வேற யாரும் தின்னல. என் பொண்ணு தின்னா. நான் பொறுக்கிப் பொறுக்கிப் பறிச்சுக் கொடுத்தது.

மேடம் வாலுவோட கன்னத்தைத் தட்டி, "பாப்பா எந்தப் பக்கம் விளையாடும்?" னு கேட்டாங்க. வாலு கையை நீட்டி அந்தக் கறுப்பு மூலையைக் காட்டினா. நான் பறிக்கும்போது பக்கத்துலயே உக்காந்து மண்ணைப் பிசைவா, பிசைஞ்ச கையோட விரலைச் சப்புவா.

"அங்கதான் எடுத்தேன் மேடம். அந்த மூலையில மட்டும். மொத்தத்தையும்" னு சொல்லிட்டேன்.

என் பொண்டாட்டி என்னைப் பாத்தா, அப்புறம் அந்த மூலையைப் பாத்தா. வாலுவை இறுக்கிக்கிட்டா.

மேடம் திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க வாளியைக் கையில எடுத்துக்கிட்டாங்க. "நீங்க மட்டும் இல்ல அண்ணே. வர்றவங்கள்ல பாதிப் பேரு இருக்கிறதுலயே நல்ல மண்ணைத்தான் கட்டிக்கிட்டு வராங்க. நோயாளிக்குப் பதிலா ஆரோக்கியமா இருக்கிற அண்ணன்காரனை டாக்டர்கிட்ட அனுப்பினா வைத்தியம் எப்படிப் பாக்குறது? கறுப்பா இருந்தா சத்துன்னு யாரோ உங்களுக்கு எல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க." அப்புறம் என் பொண்டாட்டி பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "ஈயம் கீரைக்குள்ள ஏறுறது கொஞ்சம்தாம்மா. இலையில ஒட்டுற மண்ணும், பிள்ளை வாய்க்குப் போற மண்ணும்தான் ஜாஸ்தி. இன்னைக்கே கூட்டிட்டுப் போய் ரத்தம் பாத்திருங்க. தள்ளிப் போடாதீங்க" ன்னாங்க.

பதினஞ்சு குழியையும் அன்னைக்கு நான்தான் வெட்டினேன். மேடம் ஒவ்வொண்ணுலயும் நின்னு பாத்தாங்க. அந்த மூலையைத் தனி வாளியில எடுத்தாங்க. அவங்க கிளம்பினதும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாலுவோட கையில ஊசி ஏறினப்போ அவ கத்தின கத்துல நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளும் என் பொண்டாட்டி ஒரு வார்த்தை திட்டல. உப்பு கூடிருச்சுன்னு சொன்னா உப்புக்கு நாலு, குடையை மறந்தா குடைக்கு எட்டுன்னு திட்டுறவ. தட்டை வெப்பா, தண்ணி வெப்பா, போயிருவா. நான் வேணும்னே சேத்துக் காலோட அடுப்படிக்குள்ள நடந்தேன். துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிட்டுப் போனாளே தவிர வாயைத் திறக்கல. அந்த மௌனத்துக்கு அவ என்னை அடிச்சிருந்தா தேவலை.

அஞ்சாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். "இருக்க வேண்டியதை விடக் கூடுதலாத்தான் இருக்கு. ஆனா மருந்து கொடுத்து வெளியேத்துற அளவுக்கு இல்ல. மண்ணும் கீரையும் நின்னாலே கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இரும்புச்சத்து கம்மியா இருக்கு, அந்த மாதிரி உடம்பு ஈயத்தை வேகமா இழுத்துக்கும். அதுக்குச் சொட்டு மருந்து தரேன். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

"பேச்சு, படிப்பு, அதுல எல்லாம் எதுவும்..." னு என் பொண்டாட்டி ஆரம்பிச்சா. முடிக்க வரல.

"இப்பவே சொல்ல முடியாதும்மா. கவனிச்சுக்கிட்டே இருப்போம்" ன்னார்.

வெளிய வந்தா மேடத்துகிட்ட இருந்து போன். மிச்சத் தோட்டத்துல ஈயம் பயப்படுற அளவுல இல்லையாம். துத்தநாகமும் இரும்பும்தான் பத்தலையாம். துத்தநாக சல்பேட் போட்டா ரெண்டு அறுவடையில இலை தேறிருமாம், ஆஸ்பத்திரிக்குத் தாராளமாக் கீரை கொடுக்கலாமாம். அந்த மூலையில மட்டும் பூச்செடி வெச்சு வேலி போட்டிரச் சொன்னாங்க, வண்டல் ஒரு கூடை கூட இனி அள்ளக் கூடாதுன்னாங்க. சரி மேடம், சரி மேடம்னு சொன்னேன். நிலம் பொழைச்சுக்கிச்சு. எனக்குச் சந்தோஷமே வரல.

பஸ் ஸ்டாப்புல பெஞ்சுல உக்காந்தோம். வாலு அவ அம்மா மடியில தூங்கிட்டா. எனக்கு அதுக்கு மேல பொறுக்கல.

"ஏதாவது திட்டேன். நாலு திட்டு திட்டிருடி. ஊர்ல இருக்கிற நல்லதை எல்லாம் பொறுக்கிப் பிள்ளைக்கு விஷத்தைக் கொடுத்தவன் நான்."

அவ வாலுவோட நெத்தி முடியை ஒதுக்கிவிட்டா. ரொம்ப நேரம் ஒதுக்கிக்கிட்டே இருந்தா.

"உங்களை எந்த வாயால திட்டுறது?" ன்னா. "நீங்க பறிச்சுக் கொடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போயிருவீங்க. அவளுக்குக் கீரை பிடிக்கவே பிடிக்காதுங்க. பல்லைக் கடிச்சுக்குவா, துப்புவா. அப்பா ஆசையா வளர்த்ததுன்னு சொல்லிச் சொல்லி, கதை சொல்லி, சில நாள் மூக்கைப் பிடிச்சு, கிண்ணம் காலியாகுற வரைக்கும் ஊட்டினது நான்தானே."

அழுகை வந்துருச்சு. அவகிட்ட இருந்து பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டேன். அவ முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, பையில சொட்டு மருந்து இருக்கான்னு ஒரு தடவை பாத்தா. பஸ் வந்துச்சு, ஏறினோம்.