லயத்து வீட்டில் ஆறு மாதம்

ஆங்கிலத்தில் டைப் செய்திருந்த பத்துப் பக்கத்தையும் தாசம்மாள் தமிழில் சொல்லி முடித்தபோது, நேசமணி அடுப்பருகே குந்தியிருந்தாள். பால் விடாத கட்டஞ்சாயா ஆறிப்போயிருந்தது.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையான லயத்தில், நேசமணியின் இந்த வீட்டில்தான் போன வருஷம், தொண்ணூற்றாறில், தாசம்மாள் ஆறு மாதம் தங்கினாள். மானிடவியல் ஆராய்ச்சிக்காக வந்தவள். வயது நாற்பது. அம்மா போனபிறகு திருவனந்தபுரத்து வாடகை அறையில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. கொழுந்து கிள்ளிவிட்டு வந்த களைப்பிலும் நேசமணி தினமும் கேட்டாள். மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள். கல்லாற்றுக்குக் கடை வேலைக்குப் போன புருஷன் சத்தியதாஸ் அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு அவன் அனுப்பியதாகச் சொல்லி அவளேதான் சேலை வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.

ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் மானிடவியலின் பழைய சண்டைகள். நாற்காலியை விட்டு எழாமலே உலகத்து மக்களை மேல்படி, கீழ்படி என்று நிறுத்தியவர்கள். அவர்களை மறுத்து, மக்களோடு போய்த் தங்கி, ஒவ்வொரு வழக்கத்துக்கும் சமூகத்தில் ஒரு பயன் உண்டு என்றவர்கள். வழக்கங்களுக்கு அடியில் மனதின் அமைப்பைத் தேடியவர்கள். கடைசியாக, எழுதுகிறவர் யார், அவருக்கு என்ன உரிமை என்று கேட்டவர்கள். வழிகாட்டி நாகேஸ்வரன் சார் பயன் தேடுகிற கூட்டம். இந்தப் பத்துப் பக்கத்தில் தாசம்மாளும் அந்தச் சேலைக்கு ஒரு பயன் கண்டுபிடித்திருந்தாள்: லயத்தில் எல்லோருக்கும் உண்மை தெரியும், தெரியாததுபோல் இருப்பதால்தான் அங்கே ஒற்றுமை குலையவில்லை. ‘பிரமாதம்’ என்று சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார். நேசமணியின் பெயரை மாற்றியும் தாசம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. நேசமணியிடமே கேட்டுவிடலாம் என்று நேற்று சாயங்கால பஸ்ஸில் வந்திருந்தாள்.

“எல்லாருக்கும் தெரியுமா, டீச்சரே?” என்றாள் நேசமணி.

தான் எதைச் சொல்லிவிட்டோம் என்பது தாசம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“வேண்டாம்னா இத எடுத்திருதேன், நேசமணி.”

“எடுத்தா அவங்களுக்குத் தெரியாமப் போயிருமா?” நேசமணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “டீச்சர எனக்கக் கூட்டுகாரின்னுல்லா நினைச்சேன்.”

தாசம்மாள் பத்துப் பக்கத்தையும் அடுப்பில் திணித்தாள். நேசமணி தடுக்கவில்லை. இன்னொரு பிரதி சாரிடம் இருப்பதைப் படிக்குமுன் தாசம்மாளே சொல்லியிருந்தாள்.

“நேசமணியே, வரல்லியா?” வாசலில் கொழுந்துக்குப் போகிற பெண்கள் கூப்பிட்டார்கள். நேசமணி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

தாசம்மாள் வாசல்வரை வந்து நின்றாள். பெண்கள் பேசிக்கொண்டே மேட்டில் ஏறினார்கள். இருபதடி பின்னால் நேசமணி தனியாகப் போனாள். வளைவில் ஒருத்தி நின்று திரும்பி, அவளுக்காகக் காத்திருந்தாள். நேசமணி நடையை எட்டிப் போடவில்லை. அவள் வளைவை எட்டுமுன் மஞ்சு மூட்டம் இறங்கிப் பாதையை மூடியது.